ஆட்சேபணை உள்ளவர்கள்

பால்கோவா கிண்டுவதற்காக நான் கழுத்தை நீட்டவில்லை. இதை நான் என் வீட்டுக்காரரிடம் சொன்னது எண்பதுகளின் கடைசியில், ஓர் ஆனி மாதத்தில். ராஜபாளையத்தில் அவர் ஃபிட்டராக இருந்த நூல் மில்லை அப்போதுதான் இழுத்து மூடியிருந்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கடை வைத்திருந்த அவருடைய அண்ணன் செய்தி கேட்டதும் பஸ் ஏறி வந்துவிட்டார். தம்பியின் தோளில் கை போட்டுக்கொண்டு, "எதுக்குலே மூஞ்சியத் தொங்கப் போட்டிருக்க? ஆடி கழியட்டும். ஆவணி பொறந்ததும் குடும்பத்தோட அங்க வந்துரு. நீ அடுப்பப் பாத்துக்க. அவ அம்மாவுக்கு ஒத்தாசையா இருக்கட்டும்" என்று எல்லாவற்றையும் அவரே முடிவு செய்துவிட்டுப் போனார். அந்த 'அவ' நான்தான். காப்பி கொண்டுபோய்க் கொடுத்தபோது டம்ளரைப் பார்த்தாரே தவிர என்னைப் பார்க்கவில்லை.

மனுஷர் கெட்டவர் இல்லை. அப்பா இல்லாத வீட்டில் தம்பியைப் படிக்க வைத்து, மில்லில் சேர்த்துவிட்டு, எனக்குக் கட்டி வைத்தவர். அதனால் அண்ணன் கிழித்த கோட்டை என் வீட்டுக்காரர் தாண்டமாட்டார். கிழிக்காத கோட்டைக்கூட உத்தேசமாக யோசித்துத் தாண்டாமல் இருப்பார். எனக்கு அந்த வீட்டை நன்றாகத் தெரியும். பின்கட்டில் ஓர் அறை தருவார்கள். என்ன குழம்பு என்பதை மாமியார் முடிவு செய்வார். எத்தனை மணிக்குக் குளிப்பது என்பதை ஓரகத்தி முடிவு செய்வாள். இங்கே ராஜபாளையத்தில் என் அப்பா என் பெயருக்கு எழுதிக் கொடுத்த வீடு இருந்தது. சின்ன வீடுதான். ஆனால் நான் நினைத்த நேரத்துக்கு அடுப்பைப் பற்றவைக்கலாம், நினைத்த நேரத்துக்குச் சும்மாவும் உட்காரலாம். அதை விட்டுவிட்டுப் போவதாக இல்லை.

"அப்ப இங்க இருந்து என்ன செய்ய?" என்றார் அவர்.

எங்கள் பக்கத்தில் மாவு மில் கிடையாது. அரிசி, கேப்பை, மிளகாய், மல்லி எதைத் திரிக்க வேண்டுமென்றாலும் பெண்கள் பஜார் வரைக்கும் தலைச்சுமையாகத் தூக்கிக்கொண்டு நடப்பார்கள். முன்னறையில் ஒரு மிஷினைப் போட்டால் சனம் தானாக வரும். "மிஷின நீங்க பாத்துக்கோங்க. ஊர நான் பாத்துக்கிடுதேன்" என்றேன். மிஷின் சுலபமாக அமைந்துவிட்டது. சேத்தூரில் நின்றுபோன ஒரு மாவு மில்லிலிருந்து பழைய மிஷினைக் கொண்டுவந்து, கழற்றிக் கழுவி எண்ணெய் போட்டுப் புதுசாக்கிவிட்டார். ஊர்தான் லேசில் அமையவில்லை.

வீடு என் பெயரில் இருந்ததால் மனுவும் என் பெயரில் போட வேண்டியதாயிற்று. நகராட்சி ஆபீசில் ஒரு கிளார்க். எதைக் கேட்டாலும் பதில் சொல்வதற்கு முன் பேனாவின் மூடியைக் கழற்றித் திரும்ப மாட்டுவார். மனுவைப் பார்த்துவிட்டு, பத்திரத்தில் இன்னார் மகள் என்று இருக்கிறது, ரேஷன் கார்டில் இன்னார் மனைவி என்று இருக்கிறது, இரண்டும் ஒரே ஆள்தான் என்பதற்கு என்ன ஆதாரம் என்றார். "நான்தான் ஆதாரம். ஒங்க முன்னாடி நிக்கேன்ல" என்றேன். நிற்பது செல்லாதாம். ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி நோட்டரியிடம் கையெழுத்து வாங்க வேண்டுமாம். அன்றைக்கு ராஜபாளையத்தில் ஸ்டாம்ப் பேப்பர் தீர்ந்துவிட்டது என்றார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டு வாசலுக்குப் போய், மரத்தடியில் டைப் அடிப்பவரிடம் உட்கார்ந்து, நான்தான் நான் என்று அடித்து வாங்கிக்கொண்டு வந்தேன். கல்யாணம் பண்ணினால் ஆள் மாறிப்போவாள் என்று என் அம்மா எச்சரித்தபோதுகூட அது சட்டப்படி என்று எனக்குத் தோன்றவில்லை. ஆண்பிள்ளைகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. பிறந்ததிலிருந்து சாகும் வரைக்கும் அவர்கள் இன்னார் மகன்தான்.

அடுத்தது கரண்டு. மிஷினுக்கு மும்முனை இணைப்பு வேண்டும். நகராட்சி லைசென்ஸைக் கொண்டுவந்தால் கரண்டு தருகிறோம் என்றார்கள் ஈ.பி. ஆபீசில். ஈ.பி.யிலிருந்து கடிதம் கொண்டுவந்தால் லைசென்ஸ் தருகிறோம் என்றார்கள் நகராட்சியில். இரண்டு ஆபீசுக்கும் நடுவில் என் செருப்புத்தான் தேய்ந்தது. கடைசியில் ஈ.பி. என்ஜினியர் முன்னால் போய் நின்று, "சார், லைசென்ஸ மட்டும் வச்சுக்கிட்டு நான் கையாலயா திரிக்க?" என்று கொஞ்சம் சத்தமாகவே கேட்டேன். பக்கத்து மேஜைக்காரர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு, லைசென்ஸ் கிடைத்தால் இணைப்புத் தருவதில் தடையில்லை என்று ஒரு காகிதம் எழுதிக் கொடுத்தார். ஆபீசுகளில் அழுவதைவிடச் சத்தம் போடுவது பலிக்கும் என்று அன்றைக்குக் கற்றுக்கொண்டேன். இந்த அலைச்சல் எல்லாவற்றிலும் என் வீட்டுக்காரர் கூடவே வந்தார். வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே வந்தாலும் வாயைத் திறக்கமாட்டார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பார்.

காகிதமெல்லாம் சேர்ந்த பிறகு கிளார்க் பேனா மூடியைக் கழற்றினார். "இனிமே அறிவிப்புப் போடணும். தெருவுல யாருக்காவது ஆட்சேபணை இருந்தா எழுதிக் குடுப்பாங்க. இல்லைன்னா லைசென்ஸ்" என்றார். எனக்கு யார் ஆட்சேபணை சொல்லப் போகிறார்கள் என்று நிம்மதியாக வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

ரெண்டு நாள் கழித்து ஓர் ஆள் வந்து எங்கள் வாசல் கதவில் பசை தடவி ஒரு காகிதத்தை ஒட்டிவிட்டுப் போனான். நான் குளத்துப் பக்கம் துணி துவைக்கப் போயிருந்தேன். திரும்பி வருகிறேன், வாசலில் ஒரு கும்பல். என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். பக்கத்து வீட்டுக்காரி மட்டும் என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டு போய், கண் கலங்க, "ஏட்டி, கஷ்டம்னா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லப்படாதா? இப்பிடியா போவணும்?" என்றாள்.

ஒன்றும் புரியாமல் காகிதத்தைப் படித்தேன். இன்ன தெரு, இன்ன கதவு எண், இன்னாரின் மனைவி, மேற்படி வீட்டின் முன்னறையில் ஐந்து குதிரைத்திறன் கொண்டு அபாயகரமான, அருவருக்கத்தக்க தொழில் நடத்த உரிமம் கோரியுள்ளார். அத்தெருவில் குடியிருப்போரில் ஆட்சேபணை உள்ளவர்கள் எழுத்து மூலம் தெரிவிக்கலாம். அவ்வளவுதான். மாவு என்ற வார்த்தையே அதில் இல்லை.

ஒரு பெண்பிள்ளை பெயரைப் போட்டு, பக்கத்தில் தொழில் என்று போட்டால் நம் ஊரில் என்ன அர்த்தம் என்று ஆபீஸ்காரர்களுக்குத் தெரியாதா? அதுவும் சும்மா தொழில் இல்லை, அருவருக்கத்தக்க தொழில். அதுவும் முன்னறையில். இதில் ஐந்து குதிரை வேறு. தெருவில் ஒரு பாட்டையா, "குதிரைய எங்க கட்டுவாளாம்?" என்று கேட்டதாகப் பிறகு சொன்னார்கள். எனக்கு அவமானத்தைவிட ஆத்திரம்தான் அதிகமாக வந்தது. அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டிருப்பேன். கிழித்தால் அதற்குத் தனியாக அபராதம் உண்டு என்று அடியில் போட்டிருந்தது.

நேரே ஆபீசுக்குப் போனேன். கிளார்க் அசரவில்லை. சட்டத்தில் அந்தத் தலைப்பு அப்படித்தான் இருக்கிறதாம். என்ன தொழில் என்று எழுதுகிற இடம் ஸ்டென்சிலில் விட்டுப்போயிற்றாம். "இதுல என்னம்மா தப்பு? இட்லிக் கடை, சலூன், லாண்டரி, வெறகுக் கடை, மிட்டாய் போடுறவன், அம்புட்டுப் பேரும் இந்தத் தலைப்புலதான் வாரான். எவனும் படிக்கிறதில்ல. நீங்கதான் படிச்சிட்டு வந்து நிக்கிறீங்க" என்றார். அறிவிப்பைத் திருத்தினால் எல்லாம் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், ஆவணிக்குள் முடியாது என்றும் சொன்னார். ஆவணி என்றதும் நான் அடங்கிவிட்டேன். காகிதம் கதவிலேயே இருந்தது.

அன்றைக்கு மத்தியானம் வெள்ளை வேட்டியில் ஒரு முன்பின் தெரியாத ஆள் வந்து வாசலில் நின்றார். கையில் ஒன்றுமில்லை. என் வீட்டுக்காரர் மிஷினுக்குப் பெல்ட் வாங்கப் பஜாருக்குப் போயிருந்தார்.

"புதுசாத் தொறக்கப் போறியளாமே. எப்ப ஆரம்பம்?" என்றார்.

நான் வாசல் கூட்டுவதை நிறுத்தினேன்.

"ரேட்டு எம்புட்டுன்னு தெரிஞ்சுக்கிடலாம்னு வந்தேன். நமக்குப் பகலெல்லாம் தோட்டத்து வேலை. இருட்டுன பொறவு வந்தாலும் பாத்து அனுப்புவியளா?"

நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது. கையில் விளக்குமாறு இருந்தது, அதையும் சேர்த்துப் பேசினேன். அவர் விழுந்தடித்துக்கொண்டு தெருமுனைக்கு ஓடினார். அங்கே அவருடைய சைக்கிள் நின்றது. கேரியரில் ஒரு மூட்டை கேப்பை. பக்கத்து வீட்டுக்காரியும் நானும் அந்த மூட்டையைப் பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பில், அவளுக்கு என்மேல் இருந்த சந்தேகம் தீர்ந்தது. பிற்காலத்தில் அந்த வீட்டுக் கேப்பை எங்கள் மில்லுக்குத்தான் வந்தது. ஆனால் அவர் மனைவிதான் கொண்டுவருவார். அந்த மனுஷர் அப்புறம் எங்கள் தெருப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

எதிர்வீட்டு வாத்தியார் மட்டும் சிரிக்கவில்லை. ரிட்டையரானவர். இலக்கணப் பிழையில்லாமல் ஒரு மனு எழுதினார். கண்ணியமான குடும்பங்கள் வசிக்கும் வீதியில் இத்தகைய தொழிலை அனுமதிக்கலாகாது என்று கொடுத்துவிட்டார். என்ன தொழில் என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அதைக் கேட்பதே கண்ணியமில்லை என்று நினைத்திருப்பார் போல.

விஷயம் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் பஸ் ஏறிப் போயிற்று. அவருடைய அண்ணன், என் மூத்தார், ஆள் விட்டார். நானும் என் வீட்டுக்காரரும் கடைக்குப் போனோம். நல்ல வியாபார நேரம். கல்லாவில் உட்கார்ந்தபடியே, நிற்கிற ஆட்கள் முன்னால் ஆரம்பித்தார். "ஊரு சிரிக்குது. எங்க வம்சத்துல எவனாவது இப்பிடி அருவருப்பான தொழிலுக்கு எழுதிக் குடுத்திருக்கானா? ஆவணி வரைக்கும் கூட வேண்டாம். நாளைக்கே வீட்டப் பூட்டிட்டு வந்து சேருங்க" என்றார். என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எனக்குத் தரையைப் பார்க்கிற வழக்கமில்லை. மேலே பார்த்தேன். கல்லாவுக்குப் பின்னால் சுவரில் ஆண்டாள் படம். அதற்குப் பக்கத்திலேயே கண்ணாடிச் சட்டம் போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, மல்லிகைச் சரம் சாத்தி, கடையின் நகராட்சி லைசென்ஸ். கிளார்க் சொன்னது ஞாபகம் வந்தது. கிட்டே போய், பூவை விலக்கிவிட்டு, பள்ளிக்கூடத்தில் வாசிக்கிற மாதிரி கணீரென்று வாசித்தேன். "அபாயகரமான, அருவருக்கத்தக்க தொழில் நடத்துவதற்கான உரிமம். தொழில், பால்கோவா."

கடையில் நின்றவர்களில் ஒரு பெண் வாயில் போட்டதை விழுங்காமல் நின்றாள். யாரோ கெக்கெக்கே என்று சிரித்தார்கள். "அத்தான், தெனமும் இதுக்குத்தான் சூடம் காட்டுதீய" என்றேன். அவர் முகம் சுண்டிப்போயிற்று. எனக்கு அப்போது கிடைத்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. கல்யாணமானதிலிருந்து அந்தக் குடும்பத்தில் நான் பேசிய முதல் முழு வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும். பஸ்ஸில் திரும்பும்போது நான் சிரித்துக்கொண்டே வந்தேன். என் வீட்டுக்காரர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

"அம்புட்டுப் பேருக்கு முன்னால வாசிச்சிருக்க வேண்டாம்" என்று ஊர் வந்த பிறகு ஒரே ஒரு தடவை சொன்னார்.

"அவிய அம்புட்டுப் பேருக்கு முன்னாலதான என்னப் பேசுனாவ?" என்றேன்.

ஆட்சேபணையை விசாரிக்க ஆடி கடைசியில் சானிட்டரி இன்ஸ்பெக்டர் எங்கள் வாசலுக்கே வந்தார். தெருவே கூடியது. வாத்தியார் விபூதியும் துண்டுமாகத் தயாராக வந்து நின்றார். இன்ஸ்பெக்டர் முன்னறைக்குள் நுழைந்து, மிஷினைச் சுற்றி வந்து, "மாவு மில்லுதான? இதுக்கு என்ன சார் கண்ணியக் குறைச்சல்?" என்றார்.

வாத்தியார் உள்ளே எட்டிப் பார்த்தார். அவருக்குப் பின்னாலிருந்து அவர் சம்சாரம் முந்திக்கொண்டார். "மாவு மில்லா? இதுக்கா நாலு நாளா பேனாவும் கையுமா ஒக்காந்திருந்தீய? நான் பஜார் வரைக்கும் சுமந்து சுமந்து கழுத்து வலியெடுத்துக் கெடக்கேன்" என்றார். தெரு சிரித்தது. வாத்தியாருக்கு மனுவை வாபஸ் வாங்கவும் மனமில்லை, வைத்துக்கொள்ளவும் வழியில்லை. கொஞ்ச நேரம் தொண்டையைச் செருமிவிட்டு, மாவு சரி, மிளகாய் திரித்தால் தனக்கு இளைப்பு வரும் என்றார். அதில் நியாயம் இருந்தது. "ஞாயித்துக்கிழமை நான் சேத்தூருக்கு மக வீட்டுக்குப் போயிருவேன். அன்னைக்கு மட்டும் மிளகாய் திரிச்சுக்கோங்க" என்று அவரே வழியும் சொன்னார். நான் ஒப்புக்கொண்டேன். அவர் உயிரோடு இருந்தவரைக்கும் எங்கள் மில்லில் மிளகாய் ஞாயிற்றுக்கிழமைதான்.

இன்ஸ்பெக்டர் ஃபைலை மூடப் போனார். வழக்கம்போல, "வேற யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?" என்றார்.

"எனக்கு இருக்கு" என்று ஒரு குரல் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து வந்தது.

மூத்தார். எப்போது வந்தார் என்று யாருக்கும் தெரியாது. சட்டைப்பையில் பஸ் டிக்கெட் தெரிந்தது. கூட்டம் வழிவிட்டது. "நான் அந்த வீட்டுக்காரனுக்கு அண்ணன். அப்பன் ஸ்தானம். எனக்கு இதுல சம்மதம் இல்ல. நீங்க எழுதிக்கோங்க" என்றார். அப்போதும் என்னைப் பார்க்கவில்லை.

இன்ஸ்பெக்டர் பேனாவைக் கையில் எடுத்தார். இவர் எழுதிக்கொண்டு போனால் மறுபடியும் விசாரணை, மறுபடியும் அலைச்சல், ஆவணி வந்துவிடும், பின்கட்டு அறைக்குப் போக வேண்டியதுதான். மூத்தாரிடம் சத்தம் போட வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. என்ன இருந்தாலும் தம்பியை வளர்த்தவர்.

அப்போது மிஷினுக்குப் பக்கத்தில் கிரீஸ் கையோடு நின்றிருந்த என் வீட்டுக்காரர் வாசலுக்கு வந்தார். ஒரு ஆபீசர் முன்னால் அவர் பேசி நான் அதுவரை கேட்டதில்லை. அண்ணன் முன்னால் பேசி யாருமே கேட்டதில்லை.

"சார், தெருவுல குடியிருக்கிறவங்கதான ஆட்சேபணை சொல்லலாம்? நோட்டீசுல அப்பிடித்தான இருக்கு" என்றார்.

"ஆமா."

அவர் அண்ணன் பக்கம் திரும்பினார். குரல் தாழ்ந்துதான் இருந்தது, மரியாதையாகத்தான் இருந்தது. "அண்ணே, ஒங்களுக்கு இந்தத் தெருவுல வீடு இல்லையே" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. இன்ஸ்பெக்டர் பேனாவைப் பையில் செருகிக்கொண்டார். மூத்தார் தம்பியையே கொஞ்ச நேரம் பார்த்தார். தோள் துண்டை எடுத்து உதறி மறுபடியும் போட்டுக்கொண்டார். நான் காப்பி எடுத்து வருகிறேன் என்றேன். "இருக்கட்டும், பஸ்சுக்கு நேரமாச்சு" என்றார். அன்றைக்குத்தான் அவர் என் முகத்தைப் பார்த்துப் பதில் சொன்னார்.

அவர் தெருமுனை திரும்பும்வரை என் வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றார். பிறகு உள்ளே போய், ஏற்கெனவே முடுக்கியிருந்த ஒரு போல்ட்டைக் கழற்றி மறுபடி முடுக்கினார். எனக்கு ஜெயித்துவிட்டோம் என்று குதிக்க வேண்டும்போல இருந்தது. ஆனால் அவரைப் பார்த்தபோது சங்கடமாக இருந்தது. இரண்டும் சேர்ந்தே இருந்தது.

லைசென்ஸ் வந்தது. கரண்டும் வந்தது. ஆவணி முதல் முகூர்த்தத்தில் மில்லைத் திறப்பது என்று நாள் குறித்தோம். வெற்றிலை பாக்கு வைத்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு நானே போய் அழைத்தேன். வீட்டுக்காரரை அனுப்பினால் வாசலோடு திரும்பிவிடுவார் என்று தெரியும். மாமியார், "பாப்போம்" என்றார். மூத்தார் கல்லாவில் சில்லறை அடுக்கிக்கொண்டிருந்தார். லைசென்ஸ் இருந்த இடத்தில் இப்போது ஒரு காலண்டர் தொங்கியது. காலண்டருக்கு அடியில் கண்ணாடிச் சட்டத்தின் ஓரம் தெரிந்தது. அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரும் என்று நினைத்தேன், வரவில்லை.

"அத்தான், அவசியம் வரணும். அவிய ஒங்கள எதிர்பாப்பாவ" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

திறக்கிற அன்றைக்குக் காலையிலேயே சட்டியும் பெட்டியுமாகப் பெண்கள் வரிசையில் உட்கார்ந்துவிட்டார்கள். வாத்தியார் சம்சாரம் முதல் ஆள், சம்பா கோதுமையோடு. மிஷினுக்குப் பொட்டு வைத்தாயிற்று. சூடம் காட்டியாயிற்று. தேங்காய் உடைத்தாயிற்று. என் வீட்டுக்காரர் சுவிட்சுக்குப் பக்கத்தில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றார். கையை எடுத்துச் சுவிட்சில் வைப்பார், வாசல் வழியாகத் தெருமுனையைப் பார்ப்பார், கையை எடுத்துவிடுவார். ஒவ்வொரு பஸ் சத்தத்துக்கும் இது நடந்தது.

"என்னம்மா, போடச் சொல்லு. அடுப்புல ஒல வச்சிட்டு வந்திருக்கேன்" என்று வரிசையிலிருந்து ஒருத்தி சொன்னாள்.

அவர் என்னைப் பார்த்தார். "நல்ல நேரம் இன்னும் இருக்குல்லா?" என்றார்.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். நல்ல நேரம் எப்போதோ முடிந்து எமகண்டம் பிறந்திருந்தது.

"இருக்கு, இருக்கு. செத்த நேரம் பொறுத்தே போடுங்க" என்றேன்.